நரம்புச் சத்தப் பெட்டி: காதுக்கு முழு மதிப்பெண், கையேட்டுக்குப் பாதி

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தாராளமாக வாங்கலாம். ஆனால் அதில் கேட்கும் ஒலிக்காக வாங்குங்கள். திரையில் ஓடும் கோட்டையும் கூடவே வரும் கையேட்டையும் நம்பி வாங்காதீர்கள். நரம்பணு மின்சாரத்தை எப்படி உண்டாக்குகிறது, அதை எப்படி அனுப்புகிறது என்பதை வீட்டு மேசையிலேயே காட்டுவதாகச் சொல்லி விற்கப்படும் பெட்டி இது. பாதி வேலையை அபாரமாகச் செய்கிறது. மீதிப் பாதியில், செய்யாததைச் செய்ததாகச் சொல்லிக்கொள்கிறது.

என் தொழில் ஒலிப்பதிவு. மைக், கேபிள், இரைச்சல் இவற்றோடு மல்லுக்கட்டியே பிழைப்பு ஓடுகிறது. உயிரியல் படிப்பவள் என் அக்கா மகள். கல்லூரியில் விலங்கியல். அவளுக்காகத்தான் இதை வாங்கினேன் என்று வெளியில் சொல்லிக்கொள்கிறேன். உண்மையில், சில பத்து மைக்ரோவோல்ட் சமிக்ஞையை வீட்டில் உட்கார்ந்தபடி சுத்தமாகப் பிடிக்கலாம் என்று ஒருவன் விளம்பரம் செய்தால், ஒலிப்பதிவாளன் எவனுக்கும் கை சும்மா இருக்காது.

உள்ளங்கையில் அடங்கும் ஆம்ப்ளிஃபயர், அதிலேயே ஒரு சிறிய ஸ்பீக்கர், 9 வோல்ட் பேட்டரி, ஒரு தக்கைத் துண்டு, ஊசி மின்முனைகள் இரண்டு ஜோடி, தோலில் ஒட்டும் ஜெல் மின்முனைகள், கைபேசிக்குப் போகும் கேபிள், உள்ளே சுவிட்ச் வைத்த ரப்பர் சுத்தியல். இவ்வளவுதான் சாமான். பதிவுசெய்யும் செயலியைத் தனியே இறக்கிக்கொள்ள வேண்டும். ஆம்ப்ளிஃபயரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. உள்ளீட்டின் இரண்டு முனைகளையும் சேர்த்துவிட்டு ஹெட்போனில் கேட்டேன். மெல்லிய சீறல் மட்டுமே கேட்டது, உறுமல் இல்லை. இந்த அளவுப் பெருக்கத்தில் இது லேசான காரியமல்ல. ஊசிகளை இணைத்த பிறகு சுவருக்குள் ஓடும் மின்கம்பியின் உறுமல் வந்து ஒட்டிக்கொள்கிறது. தக்கையையும் கேபிளையும் அலுமினியத் தாளால் சுற்றி, தாளை எர்த் முனையோடு இணைத்தால் அது அடங்கிவிடும். கையேடு இதைக் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. முதல் பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய விஷயம்.

முதல் சோதனை கரப்பான் பூச்சியின் கால். பூச்சியைப் பனிக்கட்டி நீரில் அமிழ்த்தி அசைவற்றுப் போகச்செய்து, ஒரே ஒரு காலை எடுத்து, தொடைப்பக்கம் ஒரு ஊசியும் சற்றுத் தள்ளி இன்னொரு ஊசியுமாகத் தக்கையில் குத்தி நிறுத்த வேண்டும். எனக்கு இது பிடிக்கவில்லை. அக்கா மகள் செய்தாள், நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மறுபடி முளைத்துவிடும் என்று கையேடு ஆறுதல் சொல்கிறது. தோலுரிக்கும் பருவத்தில் உள்ள இளம் பூச்சிக்கு மட்டுமே அது பொருந்தும். வளர்ந்து முடிந்த கரப்பான் தோலுரிப்பதில்லை. போன கால் போனதுதான். மனசாட்சிக்கு மருந்து கொடுப்பவர்கள் மருந்தையாவது சரியாகக் கொடுக்கலாம்.

பிடிக்காத வேலைதான். ஆனால் ஸ்பீக்கரில் அடுத்து வந்த சத்தத்துக்காக எதையும் மன்னிக்கலாம் என்று தோன்றியது. யாரும் தொடாதபோதே அங்கொன்றும் இங்கொன்றுமாக ‘டப்… டப்’ என்கிறது. காலில் வரிசையாக நிற்கும் முட்களில் ஒன்றை ஒரு பல்குச்சி முனையால் மெல்லச் சாய்த்தால் ‘டபடபடப’ என்று கொட்டுகிறது. குச்சியை எடுக்காமல் அப்படியே அழுத்திப் பிடித்திருந்தால் ஒரு நொடிக்குள் அடங்கிவிடுகிறது. திரும்ப அசைத்தால் திரும்பவும் கொட்டுகிறது. தொட்டுக்கொண்டே இருப்பது அந்த நரம்புக்குச் செய்தியே அல்ல, மாறுவதுதான் செய்தி என்பதை எந்தப் படமும் இவ்வளவு சீக்கிரம் புரியவைக்காது.

இன்னொன்றையும் காது உடனே பிடித்துக்கொள்கிறது. மெல்லத் தொட்டாலும் அழுத்தித் தொட்டாலும் ஒரே முள்ளிலிருந்து வரும் ‘டப்’ ஒரே கனம், ஒரே நிறம். அழுத்தினால் ஒலி பெரிதாவதில்லை, நெருக்கமாகிறது. நரம்பு அனுப்பினால் முழுதாக அனுப்பும், இல்லாவிட்டால் அனுப்பாது. அரைகுறை என்ற பேச்சே இல்லை. எவ்வளவு அழுத்தம் என்ற கணக்கு முழுவதும் நொடிக்கு எத்தனை என்பதில்தான் இருக்கிறது. 1920களில் கேம்பிரிட்ஜில் எட்கர் ஏட்ரியன் வால்வு ஆம்ப்ளிஃபயரை வைத்துக் கண்டுபிடித்தது இதைத்தான். 1932இல் நரம்பியலாளர் ஷெரிங்டனோடு சேர்ந்து நோபல் பரிசும் பெற்றார். அவருடைய ஆய்வறையிலும் ஸ்பீக்கர் இருந்தது. ஒரு நாள் இருட்டறையில் தேரையின் பார்வை நரம்பில் மின்முனைகளை வைத்துவிட்டு அவர் நடமாடிக்கொண்டிருந்தபோது ஸ்பீக்கர் விட்டுவிட்டு இரைந்திருக்கிறது. காரணம் தேடியபோதுதான் தெரிந்தது: அவர் தேரையின் பார்வை வட்டத்துக்குள் நடக்கும்போதெல்லாம் அதன் கண் அந்த நடமாட்டத்தை நரம்பு வழியே அறிவித்துக்கொண்டிருந்தது. நரம்பு ஆய்வுக்கு ஸ்பீக்கர் அலங்காரப் பொருளல்ல, கருவி. இந்தப் பெட்டியைச் செய்தவர்களுக்கும் அது தெரிந்திருக்கிறது. செயலியைச் செய்தவர்களுக்குத்தான் தெரியவில்லை.

இனி செயலி. அதன் திரை தன்னிச்சையாக அளவை மாற்றிக்கொள்கிறது. சிறிய துடிப்பு வந்தால் பெரிதாக்கிக் காட்டுகிறது, பெரியது வந்தால் சுருக்கிக் காட்டுகிறது. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் காது கற்றுக்கொடுத்த பாடத்தைக் கண் அழித்துவிடுகிறது. எது பெரியது எது சிறியது என்பதற்கு அர்த்தமே இல்லாமல் போகிறது. இந்த வசதியை அணைக்கும் பொத்தான் அமைப்புகளுக்குள் மூன்றாவது அடுக்கில் ஒளிந்திருக்கிறது. முதல் வேலையாக அதை அணைத்துவிடுங்கள். அணைத்த பிறகு பார்த்தால் உயரமான துடிப்புகள் ஒரு கூட்டமாகவும் குட்டையானவை இன்னொரு கூட்டமாகவும் பிரிந்து நிற்கும். அவை ஒரே நரம்பிழையின் உரத்த குரலும் மெல்லிய குரலும் அல்ல, வெவ்வேறு இழைகள். தடித்த இழையும் ஊசிக்கு அருகில் ஓடும் இழையும் பெரிதாகத் தெரியும்.

அடுத்த சிக்கலைக் கண்டுபிடித்தவள் அக்கா மகள். கையேட்டில் பதிவுக்கு நேர் எதிர்ப் பக்கத்தில் பாடநூல்களில் வரும் அந்தப் புகழ்பெற்ற வரைபடம் இருக்கிறது: −70 மில்லிவோல்ட்டில் படுத்திருக்கும் கோடு, சட்டென்று +40 வரை எழுந்து, விழுந்து, கொஞ்சம் கீழே தாழ்ந்து, பழைய இடத்துக்கு வருகிறது. “மாமா, இதில் மேலே போய்விட்டுத்தானே இறங்குகிறது? நம்முடையது முதலில் ஏன் கீழே போகிறது?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. கையேட்டில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, இரண்டும் ஒன்றே என்று நம்மை நம்பச்சொல்கிறது.

ஒலிப்பதிவாளனுக்கு இதற்கு விடை தெரியும், ஏனென்றால் இது மைக்கை எங்கே வைக்கிறோம் என்ற கேள்வி. பாடநூல் படம் நரம்பிழையின் உள்ளே ஒரு முனையும் வெளியே ஒரு முனையும் வைத்து எடுத்தது. நம் ஊசிகள் இரண்டுமே வெளியே நிற்கின்றன. துடிப்பு முதல் ஊசியைக் கடக்கும்போது அங்கே சோடியம் அயனிகள் உள்ளே பாய்வதால் வெளிப்புறம் சற்று எதிர்மின் தன்மை அடைகிறது. கோடு ஒரு பக்கம் சாய்கிறது. இரண்டாவது ஊசியைக் கடக்கும்போது மறுபக்கம் சாய்கிறது. திரையில் தெரிவது இரண்டு ஊசிகளுக்கும் இடையிலான வித்தியாசம், அவ்வளவுதான். சந்தேகமிருந்தால் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றிச் செருகுங்கள். நாங்கள் மாற்றிய அடுத்த நொடியே கோடு தலைகீழானது. சிறியதாக இருந்தாலும் கையேட்டில் இருக்க வேண்டிய சோதனை இது. ஒரு நிமிடம் ஆகாது. அளவும் அப்படித்தான்: உள்ளே 100 மில்லிவோல்ட்டுக்கு மேல் ஆடுவது வெளியே ஊசிக்கு வரும்போது அதில் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. போதாக்குறைக்கு, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ளதையெல்லாம் பெட்டி வடிகட்டிவிடுவதால் மெதுவான அசைவுகள் எதுவும் திரைக்கு வந்து சேர்வதில்லை. படுத்திருக்கும் அந்த −70ஐ இந்தப் பெட்டி ஒருநாளும் காட்டாது.

+40ஐப் பார்க்க முனை உள்ளே போயாக வேண்டும். அதற்கு ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு ஆங்கிலேய ஆய்வாளர்கள் கணவாயைத் தேடிப்போனார்கள். அதன் உடலில் ஓடும் ஒரு நரம்பிழை அரை மில்லிமீட்டர் தடிமன் இருக்கும், அதற்குள் மெல்லிய கண்ணாடிக் குழாயை நீளவாக்கில் செருகலாம். 1939இல் இங்கிலாந்தின் பிளிமத்தில் அதைச் செய்தார்கள். அதுவரை இருந்த கொள்கைப்படி துடிப்பின்போது உள்ளும் புறமும் சமமாகி மின்னழுத்தம் பூச்சியத்தோடு நிற்க வேண்டும். பூச்சியத்தைத் தாண்டி நேர்மின் பக்கம் போய்விட்டது. காரணத்தைக் கணக்கோடு சொல்லப் போர் முடிந்து 1952 வரை ஆயிற்று. இருவரும் 1963இல் நோபல் பெற்றார்கள்.

அந்தக் கணக்கின் சாரம் மேடை ஒலியமைப்பில் வேலை செய்த எவருக்கும் சட்டென்று பிடிபடும். நரம்பணுவின் சவ்வு சுமார் 5 நானோமீட்டர் தடிமன். ஒரு மில்லிமீட்டரை இரண்டு லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு. அதன் வெளியே சோடியம் அதிகம், உள்ளே பொட்டாசியம் அதிகம். சவ்வில் பதிந்திருக்கும் புரத எக்கிகள் ஓயாமல் 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுத்து இந்த வேறுபாட்டைக் காப்பாற்றுகின்றன. பொட்டாசியம் சற்றுக் கசிந்து வெளியேறுவதால் உட்புறம் −70 மில்லிவோல்ட் அளவில் நிற்கிறது. 70 மில்லிவோல்ட் என்றால் அற்பம் என்று தோன்றும். அதை 5 நானோமீட்டரால் வகுத்துப் பாருங்கள்: மீட்டருக்கு ஒரு கோடி வோல்ட்டுக்கு மேல் வருகிறது. காற்று இதில் கால் பங்கைக்கூடத் தாங்காமல் பொறி கிளப்பிவிடும். இப்படி இழுத்துக் கட்டப்பட்ட சவ்வில் ஏதோ ஒரு தூண்டல் −55 வரை கொண்டுபோய்விட்டால் சோடியம் வாயில்கள் திறக்கின்றன. சோடியம் உள்ளே வர, மின்னழுத்தம் இன்னும் ஏற, அதனால் இன்னும் வாயில்கள் திறக்கின்றன. ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கைக் கொண்டுபோனால் ஊளை கிளம்புமே, அதே வளையம்தான்: ஒரு எல்லை வரை ஒன்றுமில்லை, தாண்டிவிட்டால் யாரும் நிறுத்த முடியாது. ‘டப்’ ஏன் எப்போதும் ஒரே கனம் என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. ஊளை எவ்வளவு உரக்க வரும் என்பதை ஆம்ப்ளிஃபயர் தீர்மானிக்கிறது. மைக்கை நகர்த்திய கை தீர்மானிப்பதில்லை. நரம்பு நம் ஒலியமைப்பைவிடக் கெட்டிக்காரத்தனமாகக் கட்டப்பட்டது. ஒரு மில்லி நொடிக்குள் சோடியம் வாயில்கள் தாமாகவே அடைத்துக்கொள்கின்றன, தாமதமாகத் திறக்கும் பொட்டாசியம் வாயில்கள் மின்னழுத்தத்தைக் கீழே இழுத்துவிடுகின்றன. அடைத்த வாயில் மறுபடி தயாராகும்வரை அந்த இடத்தை எதுவாலும் தூண்ட முடியாது. ஆகவே துடிப்பு வந்த வழியே திரும்பிப் போவதில்லை, நொடிக்கு ஆயிரம் என்ற எண்ணிக்கையை எட்டுவதும் அரிது. பல் மருத்துவர் போடும் மரப்பு ஊசியில் இருக்கும் லிடோகெயின் இந்தச் சோடியம் வாயில்களைத்தான் அடைக்கிறது.

கையேட்டில் இவையெல்லாம் அரைப் பக்கம். அந்த அரைப் பக்கத்திலும் நரம்பில் மின்சாரம் கம்பியில் ஓடுவதுபோல் ஓடுகிறது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். கேபிள் விற்றுப் பிழைப்பவன்கூட இதை ஒப்புக்கொள்ள மாட்டான். நரம்பிழை கேபிளாக இருந்தால் உலகிலேயே மட்டமான கேபிள்: உள்ளே இருப்பது உப்புத் தண்ணீர், மேலே இருப்பது கசியும் உறை. சும்மா விட்டால் சமிக்ஞை சில மில்லிமீட்டரிலேயே தேய்ந்துவிடும். அது தேயாமல் விரல் நுனியிலிருந்து முதுகுத்தண்டு வரை வருவதற்குக் காரணம், வழிநெடுக ஒவ்வொரு இடமும் துடிப்பைப் புதிதாக உண்டாக்குவதுதான். பக்கத்து இடம் எல்லையைத் தொட, அங்கே சோடியம் வாயில் திறக்க, அது தன் பக்கத்தைத் தூண்ட என்று போகிறது. ஓடுவது மின்சாரம் அல்ல, வாயில் திறக்கும் நிகழ்ச்சி. எனவே வேகமும் குறைவு.

எவ்வளவு குறைவு? இதற்குப் பெட்டியிலேயே நல்ல சோதனை இருக்கிறது. மண்புழு. வெட்டவே வேண்டாம், எனவே எனக்கு இது கரப்பானைவிடப் பிடித்திருந்தது. நீர்த்த ஆல்கஹாலில் சற்று மயக்கி, ஊசி ஜோடிகள் இரண்டையும் இடைவெளிவிட்டு வைத்து, தலைப்பக்கம் தட்டினால் துடிப்பு முதல் ஜோடியிலும் கொஞ்சம் பிந்தி இரண்டாவதிலும் தெரியும். தலையில் தட்டினால் நடுவில் ஓடும் பெரிய இழை பேசும், வாலில் தட்டினால் பக்கவாட்டு இழைகள் பேசும். நடு இழைதான் வேகம். இடைவெளி 3 சென்டிமீட்டர் இருந்தபோது எங்களுக்குக் கிடைத்த பிந்தல் ஒன்றரை மில்லி நொடியை ஒட்டி இருந்தது. நொடிக்கு 20 மீட்டர். 1850இல் ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளை நரம்பில் அளந்தது சுமார் 27 மீட்டர். நரம்பின் வேகத்தை அளக்கவே முடியாது என்று அவருடைய ஆசிரியர் யொஹான்னஸ் முல்லர் கருதியிருந்தார். இன்று அதை மேசையில் ஒரு புழுவை வைத்து அளக்கிறோம். அளந்து முடித்ததும் ஈர மண்ணில் விட்டோம், சிறிது நேரத்தில் நெளிந்து போய்விட்டது.

ஆனால் செயலி இங்கேயும் காலை வாருகிறது. ஒரு தடம் மட்டும் பதிந்தால் நொடிக்கு 10,000 மாதிரிகள் எடுக்கிறது. இரண்டு தடம் போட்டால் அதையே பங்கிட்டு ஆளுக்கு 5,000. அதாவது 0.2 மில்லி நொடிக்கு ஒரு புள்ளி. ஒன்றரை மில்லி நொடியை அளக்கும்போது ஒரு புள்ளி முன்னே பின்னே போனால் வேகத்தில் நூற்றுக்குப் பதின்மூன்று பிசகிவிடும். இந்த நிலையில் செயலி வேகத்தை இரண்டு தசமத் தானத்தோடு திரையில் போடுகிறது! சாதாரணக் கைபேசியே பாட்டுக்கு 44,100 மாதிரிகள் எடுக்கிறது. இதில் கஞ்சத்தனம் காட்ட என்ன அவசியம்? ஊசிகளுக்கு இடையிலான தூரத்தைக் கூட்டினால் பிழை குறையும். கேபிளின் நீளம் அதற்கும் இடம் கொடுப்பதில்லை.

பாட்டுக்குக் கால் ஆடும் சோதனை ஒன்றும் இருக்கிறது. கைபேசியின் ஹெட்போன் வெளியீட்டைக் கரப்பான் காலுக்குக் கொடுத்தால் கால் துள்ளுகிறது. இத்தாலிய மருத்துவர் கல்வானி 1780களில் தவளைக்காலில் பார்த்ததன் வாரிசு. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லோரும் இதைத்தான் கைதட்டி ரசிக்கிறார்கள். எனக்கு ஒரு குறைதான்: கால் பாட்டுக்கு ஆடுவதில்லை, தாழ்ந்த சுருதியின் அடிக்கு மட்டும் துள்ளுகிறது. குரலையும் வயலினையும் மட்டும் அனுப்பினால் அசையாமல் கிடக்கிறது. சவ்வு மின்னேற்றம் பெற நேரம் பிடிக்கும். வேகமாக முன்னும் பின்னும் மாறும் மின்னோட்டம் எல்லையைத் தொடுவதற்குள் திசை மாறிவிடுகிறது. இதைச் சொல்லிக் கொடுத்தால் வேடிக்கை பாடமாகும். கையேடு வேடிக்கையோடு நின்றுவிட்டது.

நம் உடம்பிலேயே செய்யும் சோதனைகளுக்கு வருவோம். பெட்டியின் மதிப்பு இங்கே ஏறுகிறது. முன்கையில் இரண்டு ஜெல் ஒட்டிகள், முழங்கையின் எலும்பில் எர்த். கையை இறுக்கினால் ‘கொர்ர்’ என்று இரைச்சல் வரும், எல்லோரும் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு எழுந்துபோவார்கள். போகாதீர்கள். கையை மேசைமேல் முழுவதும் தளர்த்தி வைத்து, ஒரே ஒரு விரலை உயர்த்த வேண்டும் என்று நினைக்கும் அளவுக்கு மட்டும் முயலுங்கள். ஹெட்போனில் ஒற்றையாக ஒரு ‘தொப்… தொப்… தொப்’ கேட்கும், நொடிக்கு ஏழெட்டு. முதுகுத்தண்டில் உள்ள ஒரே ஒரு நரம்பணு, தன் கட்டுப்பாட்டில் உள்ள தசை நார்களை ஒவ்வொரு முறை தூண்டும்போதும் வரும் சத்தம் அது. இன்னும் இம்மியளவு முயன்றால் அது சற்று வேகமெடுக்கும், பிறகு வேறு கனத்தில் இரண்டாவது ஒன்று வந்து சேரும், பிறகு மூன்றாவது. சிறியவை முன்னே, பெரியவை பின்னே. மேலும் இறுக்கினால் எல்லாம் கலந்து ‘கொர்ர்’ ஆகிவிடும். தனித்தனியே கேட்கக் காதுக்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும், வீட்டில் மின்விசிறியும் ஓடக்கூடாது. அக்கா மகள் ஹெட்போனைக் கழற்றித் தரவே மாட்டேன் என்றாள். “இது நான்தானா மாமா?” என்று கேட்டாள். நீயேதான் என்றேன்.

சுத்தியல் சோதனை இந்தப் பெட்டியிலேயே சிறந்தது என்பது என் கட்சி. தொடையின் முன்தசையில் ஒட்டிகளை ஒட்டிக்கொண்டு காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தேன். முழங்கால் சில்லுக்குக் கீழே அவள் தட்டினாள். சுத்தியலின் சுவிட்ச் தட்டிய கணத்தைக் குறித்துக்கொள்கிறது, தசை துடிக்கும் கணம் ஒட்டிகளில் தெரிகிறது. இடைவெளி 20 மில்லி நொடியைச் சற்றுத் தாண்டியது. அதே காலைத் ‘தட்டும் சத்தம் கேட்டதும் உதை’ என்று சொல்லி அளந்தால் 150க்கு மேல் போகிறது, ஏனென்றால் இப்போது செய்தி மூளை வரை போய்வர வேண்டும், அங்கே பல கைகள் மாற வேண்டும். முதலாவதில் மூளைக்கு வேலையே இல்லை. தொடையிலிருந்து இடுப்புத் தண்டுவடத்துக்குப் போய்த் திரும்பி வர ஏறக்குறைய ஒரு மீட்டர். நொடிக்கு 60 மீட்டர் வேகம் என்று வைத்தால் பதினேழு மில்லி நொடி. மிச்சத்தில் ஒரு பங்கு தண்டுவடத்தில் இருக்கும் ஒற்றை சினாப்ஸுக்கும் (இரண்டு நரம்பணுக்கள் சந்திக்கும் இடம்) நரம்பு தசையைத் தொடும் இடத்துக்கும் போகிறது.

மனித நரம்பிழை மண்புழுவின் பெரிய இழையைவிட மெலிதாக இருந்தும் எப்படி இவ்வளவு வேகம்? கணவாயின் அரை மில்லிமீட்டர் இழைகூட நொடிக்கு 25 மீட்டர்தான். நம் உடம்பில் அதில் இருபத்தைந்தில் ஒரு பங்கு தடிமன் உள்ள இழை 100 மீட்டரைத் தாண்டுகிறது. மயலின் என்ற கொழுப்புறை இழையைச் சுற்றிக் கசிவை அடைத்துவிடுகிறது; ஒரு மில்லிமீட்டர் அளவு இடைவெளியில் ரேன்வியர் கணு என்ற சிறு திறப்பு. துடிப்பைப் புதிதாக உண்டாக்கும் வேலை அந்தக் கணுக்களில் மட்டும் நடக்கிறது, நடுவில் சமிக்ஞை விரைந்து கடந்துவிடுகிறது. உறையற்ற மெல்லிய வலி நரம்புகள் நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் ஊர்கின்றன. காலை இடித்துக்கொண்டால் இடித்தது முதலில் தெரிந்து, வலி சற்றுப் பிந்தி வருகிறதே, அந்த இடைவெளி இதுதான். இந்தச் சோதனைக்குக் கருவியே வேண்டாம்.

பெட்டியின் அட்டையில் நரம்புச் செய்திப் பரிமாற்றம் முழுவதையும் காட்டும் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதை மட்டும் எடுத்துவிட வேண்டும். இரண்டு நரம்பணுக்களுக்கு நடுவே சில பத்து நானோமீட்டர் இடைவெளி இருக்கிறது. துடிப்பு இழையின் முனைக்கு வந்ததும் கால்சியம் உள்ளே புகுந்து, வேதிப்பொருள் நிறைந்த நுண்பைகள் திறந்து, அந்தப் பொருள் இடைவெளியைக் கடந்து அடுத்த அணுவைத் தொட வேண்டும். ஓட்டோ லோவி 1921இல் ஒரு தவளை இதயத்தின் நரம்பைத் தூண்டி, அது நனைந்த நீரை இன்னொரு இதயத்தில் விட்டு அதையும் மெதுவாக்கிக் காட்டியது இந்த வேதிப்பொருளைத்தான். இது எதுவும் ஊசியில் கேட்காது. சுத்தியல் சோதனையின் கணக்கில் கடைசியில் ஒட்டிக்கொண்ட அந்த மிச்ச நேரம் ஒன்றே சினாப்ஸ் இந்தப் பெட்டியில் விட்டுச்செல்லும் தடயம். கையேடு எழுதியவர் அதைக்கூடக் கவனிக்கவில்லை.

வாங்குகிறவர்களுக்குச் சில நடைமுறை வார்த்தைகள். உடம்பில் ஒட்டிகள் இருக்கும்போது கைபேசியைச் சார்ஜரில் மாட்டாதீர்கள். உறுமல் வருவது ஒருபுறம், பாதுகாப்பும் அல்ல. பேட்டரி தீரத் தொடங்கினால் முதலில் ஸ்பீக்கர் கரகரக்கும், அதை நரம்பின் சத்தம் என்று எண்ணிக் குறிப்பெடுத்துவிடாதீர்கள். ஒட்டிகளின் ஜெல் உறை பிரித்ததும் காய ஆரம்பித்துவிடும். ஊசிகள் உப்பு நீர் பட்டுத் துருப்பிடிக்கின்றன, துருவேறிய ஊசியில் இரைச்சல் இரட்டிப்பாகிறது. விற்பனையாளர்களுக்கு எழுதிக் கேட்டேன், ஊசி தனியாகக் கிடைக்காது, முழுத் தொகுப்பையும் வாங்க வேண்டும் என்றார்கள். பூச்சிகளைக் குத்திவைக்கும் துருப்பிடிக்காத எஃகு ஊசிகளை வாங்கிப் பற்றவைத்துக்கொண்டேன். இரைச்சல் முன்பைவிடக் குறைவாகவே இருக்கிறது.